நடக்காத சண்டை! - கருஞ்சிறுத்தை ஹாரி வில்ஸ் வாழ்க்கை

குத்துச்சண்டை உலகில் எத்தனையோ பெரிய சண்டைகள் நடந்து இருக்கின்றன. அவற்றைப் பற்றி ரசிகர்கள் பேசிக்கொண்டு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், நடக்காத ஒரு சண்டையைப் பற்றி 100 ஆண்டுகளாக வாதாடிக்கொண்டு இருக்கிறார்கள்!

அந்தச் சண்டையில் மணி அடிக்கவில்லை. ஒரு குத்து கூட விழவில்லை. ஆனாலும், அதில் யார் ஜெயித்து இருப்பார் என்று இன்றைக்கும் தர்க்கம் நடக்கிறது. அதைவிடப் பெரிய தர்க்கம், அது ஏன் நடக்கவில்லை என்பதுதான்.

ஒருவர், உலக சாம்பியன் ஜாக் டெம்ப்சி. வெள்ளையர்.

மற்றவர், ஹாரி வில்ஸ். கறுப்பர். சாம்பியனுடன் மோதுவதற்காக அவர் ஏழு ஆண்டுகள் காத்து இருந்தார். கடைசி வரை அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அவருடைய கதை இது.

துறைமுகத் தொழிலாளி

அமெரிக்காவின் தென் பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. மிசிசிப்பி என்ற பெரிய ஆறு அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. 1889-ம் ஆண்டில் அந்த ஊரில் ஹாரி வில்ஸ் பிறந்தார்.

அவர் பிறப்பதற்குச் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து இருந்தது. சட்டம் மாறிவிட்டது. மனம் மாறவில்லை. ரயிலில் கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி. பள்ளிக்கூடம் தனி. ஓட்டலில் இடம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஏழைக் குடும்பத்துப் பையனாக வில்ஸ் வளர்ந்தார்.

சிறு வயதில் அவருக்குக் குதிரைகள் மீது ஆசை. ஆனால், உடம்பு வளர்ந்துகொண்டே போயிற்று. ஆறு அடிக்கு மேல் உயரம்! அவ்வளவு பெரிய ஆள் பந்தயக் குதிரை ஓட்ட முடியுமா? துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி வேலைக்குப் போனார்.

மூட்டை தூக்கித் தூக்கி அவருடைய தோள்கள் உரம் ஏறின. கைகள் இரும்பு ஆயின. அந்தக் கைகளுக்குக் குத்துச்சண்டை மேடையில் வேலை கிடைத்தது. 1911-ம் ஆண்டு வாக்கில் அவர் பணத்துக்குச் சண்டை போடும் வீரராகிவிட்டார்.

பெரிய உடம்பு. ஆனால், பாய்ச்சலில் வேகம். ரசிகர்கள் அவருக்குக் கருஞ்சிறுத்தை என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

நிறச் சுவர்

குத்துச்சண்டையில் மிகவும் எடை கூடிய வீரர்களின் பிரிவுக்கு ஹெவிவெயிட் என்று பெயர். அந்தப் பிரிவின் சாம்பியன்தான் உலகத்திலேயே பெரிய பலசாலி என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

சாம்பியன் ஆவது எப்படி? இருக்கிற சாம்பியனைத் தோற்கடிக்க வேண்டும். அதற்கு முதலில் அவர் சண்டைக்குச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் எவ்வளவு பெரிய வீரனாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதுதான் அன்றைய நிலை.

1880-களில் சாம்பியனாக இருந்த ஜான் சல்லிவன், கறுப்பருடன் மோத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். இதை நிறக் கோடு போடுவது என்று அமெரிக்காவில் சொன்னார்கள். கோடு என்பது சின்ன சொல். உண்மையில் அது ஒரு சுவர்!

அந்தச் சுவரை ஒருவர் தாண்டினார். அவர் ஜாக் ஜான்சன். 1908-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில், டாமி பர்ன்சைத் தோற்கடித்து, முதல் கறுப்பு இன ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

வெள்ளையர்கள் பலரால் இதைப் பொறுக்க முடியவில்லை. ஓய்வு பெற்று, பண்ணையில் இருந்த பழைய சாம்பியன் ஜிம் ஜெப்ரீசை மறுபடியும் மேடைக்கு இழுத்து வந்தார்கள். 1910-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி ரெனோ என்ற ஊரில் சண்டை நடந்தது. ஜான்சன் 15-வது ரவுண்டில் ஜெயித்தார். அன்று இரவே அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம் மூண்டது. பலர் உயிர் இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்.

1912-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு போகக்கூடாது என்று தடை போட்டது அந்தச் சட்டம். ஜான்சன் வெள்ளையரை அடித்து வீழ்த்துவதை ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

1913-ம் ஆண்டில் ஜான்சன் மீது ஒரு வழக்குப் போட்டுத் தண்டனை விதித்தார்கள். அவர் நாட்டை விட்டு வெளியேறினார். (அந்தத் தண்டனை தவறு என்று 105 ஆண்டுகளுக்குப் பின், 2018-ல், அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.) 1915-ம் ஆண்டு ஏப்ரலில், கியூபா நாட்டின் ஹவானா நகரில், ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் தோற்றார். பட்டம் மறுபடியும் வெள்ளையர் கைக்குப் போயிற்று.

சுவர் முன்னைவிட உயரமாக எழுந்தது. அந்தச் சுவருக்கு வெளியே நின்றவர்தான் ஹாரி வில்ஸ்.

ஒரே ஆளுடன் பல சண்டை

சாம்பியன் மோத மாட்டார். பெயர் பெற்ற வெள்ளை வீரர்கள் பலரும் மோத மாட்டார்கள். அப்படியானால், கறுப்பு வீரர்கள் வயிறு வளர்ப்பது எப்படி?

அவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டார்கள்! சாம் லாங்போர்டு, ஜோ ஜெனட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ். இந்த நால்வரும் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். கறுப்பர்களுக்கு என்று தனியாக ஒரு சாம்பியன் பட்டமும் இருந்தது. வில்ஸ் அந்தப் பட்டத்தை ஒரு முறைக்கு மேல் வென்றார்.

லாங்போர்டு கனடா நாட்டுக்காரர். குட்டையான ஆள். ஆனால், அவர் குத்து இடி போல இறங்கும். வில்சும் லாங்போர்டும் 15 தடவைக்கு மேல் மோதி இருக்கிறார்கள். 1914-ம் ஆண்டில் நடந்த ஒரு சண்டையில், வில்ஸ் லாங்போர்டைப் பல தடவை கீழே சாய்த்தார். ஆனால், 14-வது ரவுண்டில் லாங்போர்டின் ஒரு குத்து வில்சைப் படுக்க வைத்துவிட்டது. 1916-ல் இன்னொரு முறையும் அப்படியே. அதன் பிறகு வில்சின் கை ஓங்கியது.

லாங்போர்டுக்கும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை கிடைக்கவில்லை. அடிபட்டு அடிபட்டு அவருடைய கண் பார்வை போயிற்று. 1944-ம் ஆண்டில் ஒரு பத்திரிகை நிருபர் அவரை நியூயார்க்கில் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் பார்வை இல்லாமல், கையில் காசு இல்லாமல், ஓர் அறையில் இருந்தார். ரசிகர்கள் நிதி திரட்டி உதவினார்கள்.

இந்த முடிவு வில்சுக்கும் வந்து இருக்கலாம். ஆனால், வில்ஸ் எச்சரிக்கையான மனிதர்.

சுரங்கத்தில் இருந்து வந்த சாம்பியன்

இப்போது மற்றவரைப் பார்ப்போம்.

ஜாக் டெம்ப்சி 1895-ம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தில் மனாசா என்ற சிற்றூரில் பிறந்தார். அவரும் ஏழைதான். சுரங்கங்களில் வேலை செய்தார். டிக்கெட் வாங்கப் பணம் இல்லாமல் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சாராயக் கடைகளில் சண்டை போட்டுக் காசு வாங்கினார்.

அவருடைய சண்டை தனி ரகம். காத்து இருக்க மாட்டார். மணி அடித்ததும் பாய்வார். 1919-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி, டொலிடோ நகரில், தன்னைவிட மிகப் பெரிய உருவம் கொண்ட ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். மூன்று ரவுண்டுகளுக்குப் பிறகு வில்லார்டால் எழுந்து வர முடியவில்லை. டெம்ப்சி உலக சாம்பியன் ஆனார்.

பட்டம் பெற்ற உடனேயே, கறுப்பு வீரர்களுடன் மோதப் போவது இல்லை என்று டெம்ப்சியின் அறிவிப்பு வெளிவந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பட்டம் பெறுவதற்கு முன்பு டெம்ப்சி கறுப்பு வீரருடன் மோதி இருக்கிறார். 1916-ல் ஜான் லெஸ்டர் ஜான்சன் என்ற கறுப்பு வீரர் அவருடைய விலா எலும்பை உடைத்தும் இருக்கிறார். ஏழையாக இருந்தபோது இல்லாத கோடு, சாம்பியன் ஆனதும் வந்துவிட்டது!

அடுத்த ஆண்டு, 1920 ஜூலையில், வில்ஸ் பிரெட் புல்டன் என்ற நெட்டையான வெள்ளை வீரரை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தினார். அப்போது பத்திரிகைகள் கேட்க ஆரம்பித்தன. டெம்ப்சியுடன் மோத வில்சைவிடத் தகுதியானவர் யார் என்று.

பணம் கொழித்த காலம்

அந்தக் காலத்தில் பெரிய சண்டைகளை நடத்தியவர் டெக்ஸ் ரிக்கார்டு. கையில் பணத்தைக் குவித்துக் காட்டிச் சண்டைகளை ஏற்பாடு செய்வதில் கெட்டிக்காரர்.

1921-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி ஜெர்சி சிட்டியில் அவர் ஒரு சண்டை நடத்தினார். டெம்ப்சிக்கு எதிராக பிரெஞ்சு வீரர் கார்பெந்தியே. இதற்காகவே மரப் பலகைகளால் ஒரு பெரிய அரங்கம் கட்டினார்கள். 80 ஆயிரம் பேர் வந்தார்கள். டிக்கெட் வசூல் 17 லட்சம் டாலருக்கு மேல்! 10 லட்சம் டாலரைத் தாண்டிய முதல் சண்டை அதுதான்.

இதே ரிக்கார்டுதான் 1910-ல் ஜான்சன் - ஜெப்ரீஸ் சண்டையையும் நடத்தியவர். அந்தச் சண்டைக்கு அவரே நடுவராகவும் இருந்தார். அதற்குப் பின் நடந்த கலவரம் அவர் மனதில் இருந்து போகவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் பட்டத்துக்காக மோதினால் மறுபடியும் ரத்தம் சிந்தும் என்றும், குத்துச்சண்டைக்கே தடை வந்துவிடும் என்றும் அவர் பயந்தார்.

கையெழுத்து ஆயிற்று, சண்டை நடக்கவில்லை

1922-ம் ஆண்டு ஜூலையில் டெம்ப்சியும் வில்சும் நியூயார்க்கில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால், ஒப்பந்தத்தில் நாள் குறிக்கவில்லை. ஊர் குறிக்கவில்லை. நடத்துகிறவர் பெயரும் இல்லை. அந்தக் காகிதம் காகிதமாகவே இருந்துவிட்டது.

1923 ஜூலை 4-ந்தேதி டெம்ப்சி மறுபடியும் மேடை ஏறினார். எதிரி வில்ஸ் அல்ல. டாமி கிப்பன்ஸ் என்ற வெள்ளை வீரர். இடம், மான்டானா மாநிலத்தில் ஷெல்பி என்ற சின்னஞ்சிறு ஊர். டெம்ப்சியின் மானேஜர் கியர்ன்சுக்குப் பணம் கொடுத்தே அந்த ஊர் நொடித்துப் போயிற்று. பாங்கிகள் மூடப்பட்டன. ஒரு சிற்றூர் கூட டெம்ப்சியின் சண்டையை நடத்த முடிந்தது. ஆனால், வில்சுடன் மோத மட்டும் எந்த ஊரும் அகப்படவில்லை!

அதே ஆண்டு செப்டம்பர் 14-ந்தேதி டெம்ப்சி நியூயார்க்கில் அர்ஜென்டினா வீரர் பிர்போவுடன் மோதினார். பிர்போ ஏழு தடவை கீழே விழுந்தார். ஆனால், அவர் விட்ட ஒரு குத்தில் சாம்பியனே கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார்! டெம்ப்சி ஏறி வந்து, இரண்டாவது ரவுண்டில் பிர்போவை முடித்தார்.

1924-ல் மறுபடியும் பேச்சு. டெம்ப்சி - வில்ஸ் சண்டை செப்டம்பரில் ஜெர்சி சிட்டியில் நடக்கும் என்று செய்தி வந்தது. டிக்கெட் அச்சானதாகவும் சொன்னார்கள். செப்டம்பரும் வந்தது. அதே ஊர் மேடையில் வில்சும் ஏறினார். ஆனால், எதிரே நின்றவர் டெம்ப்சி அல்ல. பிர்போ! 12 ரவுண்டுகள் நடந்த அந்தச் சண்டையில் வில்சின் கையே மேலாக இருந்தது.

திரும்பி வந்த செக்

1925-ல் ரிக்கார்டை விட்டுவிட்டு வேறு ஒருவர் முன்வந்தார். பிட்சிம்மன்ஸ் என்ற அவர் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தவர். செப்டம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. டெம்ப்சிக்கு லட்சக்கணக்கான டாலர் தருவதாகப் பேச்சு. வில்சுக்கு 50 ஆயிரம் டாலர் முன்பணம்.

வில்சுக்குப் பணம் வந்து சேர்ந்தது. டெம்ப்சிக்குக் கொடுத்த செக், பாங்கியில் பணம் இல்லை என்று திரும்பி வந்தது. டெம்ப்சி கோபத்துடன் விலகிக்கொண்டார். சண்டை மறுபடியும் போயிற்று.

நடக்காத சண்டைக்காக வில்ஸ் கையில் 50 ஆயிரம் டாலர் நின்றது. அது பெரிய தொகைதான். ஆனால், அவர் கேட்டது பணம் மட்டும் அல்ல. மேடையில் ஒரு மணி நேரம். அதை யாரும் கொடுக்கவில்லை.

கமிஷனின் உத்தரவு

நியூயார்க்கில் குத்துச்சண்டையைக் கவனிக்க ஓர் அரசாங்கக் கமிஷன் இருந்தது. அதில் ஜேம்ஸ் பார்லி முக்கியமானவர். (பிற்காலத்தில் இவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மந்திரி சபையில் தபால் மந்திரியாக இருந்தார்.) டெம்ப்சி முதலில் வில்சுடன் மோத வேண்டும், இல்லாவிட்டால் நியூயார்க்கில் வேறு யாருடனும் மோத முடியாது என்று பார்லி பிடிவாதமாக நின்றார்.

அவர் நியாயத்துக்காக நின்றார் என்றனர் சிலர். ஹார்லெம் பகுதியில் உள்ள கறுப்பர்களின் ஓட்டுக்காக நின்றார் என்றனர் வேறு சிலர். எதற்காக நின்றாலும், வில்ஸ் பக்கம் நின்ற அதிகாரி அவர்.

இதற்குள் ஜீன் டன்னி என்ற வெள்ளை வீரர் முன்னுக்கு வந்து இருந்தார். வில்சும் டன்னியும் மோதட்டும், ஜெயிப்பவர் டெம்ப்சியுடன் மோதட்டும் என்று ஒரு யோசனை சொன்னார்கள். வில்ஸ் தரப்பு இதற்கு இணங்கவில்லை. பல ஆண்டுகளாக வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவர், மறுபடியும் பரீட்சை எழுதுவதா என்று அவர்கள் நினைத்தார்கள்.

ரிக்கார்டு டெம்ப்சி - டன்னி சண்டையை ஏற்பாடு செய்தார். நியூயார்க்கில் அனுமதி கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார்? சண்டையையே பிலடெல்பியா நகருக்குக் கொண்டு போய்விட்டார்! ஒரு மாநிலத்தின் உத்தரவு, எல்லையைத் தாண்டினால் செல்லாது.

1926-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி, கொட்டும் மழையில், 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல் கூடி இருந்த அரங்கில், டெம்ப்சி டன்னியிடம் தோற்றார். மூன்று ஆண்டுகளாகப் பட்டத்துக்காக ஒரு சண்டை கூடப் போடாமல் இருந்த சாம்பியன், பட்டத்தை இழந்தார்.

அந்தச் செய்தியோடு வில்சின் கனவும் முடிந்தது.

அடுத்த மாதம், அக்டோபர் 12-ந்தேதி, வில்ஸ் புரூக்ளினில் ஜாக் ஷார்க்கியுடன் மோதினார். ஷார்க்கி இளைஞர். வில்சுக்கு வயது 37. 13-வது ரவுண்டில், விதியை மீறிக் குத்தினார் என்று வில்ஸ் தோற்றதாக நடுவர் அறிவித்தார். 1927 ஜூலையில் ஸ்பெயின் வீரர் உஸ்குடுன் நான்காவது ரவுண்டில் அவரை வீழ்த்தினார். காத்து இருந்த ஏழு ஆண்டுகளில் வில்சின் நல்ல வயது கரைந்துவிட்டது. 1932-ல் அவர் மேடையை விட்டு இறங்கினார்.

யார் காரணம்?

இங்கேதான் ரசிகர்களின் சண்டை ஆரம்பம் ஆகிறது!

டெம்ப்சி பயந்துவிட்டார் என்பது ஒரு கட்சி. மூன்று ஆண்டுகள் சும்மா இருந்தாரே, ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

டெம்ப்சி யாருக்கும் பயப்படுகிறவர் அல்ல என்பது எதிர்க் கட்சி. இரண்டு தடவை கையெழுத்துப் போட்டாரே என்று அவர்கள் காட்டுகிறார்கள். தான் தயாராகவே இருந்ததாக டெம்ப்சியும் பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

ரிக்கார்டுதான் காரணம் என்பது மூன்றாவது கட்சி. அதற்கு ரிக்கார்டு என்ன சொன்னார்? அரசியல்வாதிகள் வேண்டாம் என்று தடுத்துவிட்டதாகச் சொன்னார். அரசியல்வாதிகளைக் கேட்டால்? அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள்.

வில்சின் மானேஜர் முல்லின்ஸ், டன்னியுடன் மோத சம்மதித்து இருந்தால் வழி திறந்து இருக்கும் என்பது நான்காவது கட்சி.

யார் ஜெயித்து இருப்பார் என்பதற்கும் கணக்குப் போடுகிறார்கள். புல்டனை டெம்ப்சி 1918-ல் அரை நிமிஷத்துக்குள் சாய்த்தார். வில்சுக்கு மூன்று ரவுண்டு ஆயிற்று. பிர்போவை டெம்ப்சி இரண்டு ரவுண்டில் முடித்தார். வில்ஸ் 12 ரவுண்டு ஆடியும் அவரைப் படுக்க வைக்க முடியவில்லை. ஆகவே டெம்ப்சியே ஜெயிப்பார் என்கிறார்கள்.

ஆனால், பிர்போ டெம்ப்சியைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். வில்சை அப்படித் தள்ள முடியவில்லை. டெம்ப்சியைவிட உயரமான, கனமான, நெருங்கிப் பிடித்துக் குத்துவதில் தேர்ந்த வில்ஸ், பாய்ந்து வரும் டெம்ப்சியை மடக்கி இருப்பார் என்கிறார்கள் மறு தரப்பினர்.

இந்தக் கணக்குக்கு விடை கிடையாது. விடை சொல்லக்கூடிய இடம் மேடை ஒன்றுதான்.

ஆனால், ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. வில்சுக்கு யாரும் கதவைச் சாத்தி, போ என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டு என்றார்கள். இந்த ஊர் இல்லை, வேறு ஊர் என்றார்கள். சாம்பியன் மானேஜரைக் காட்டினார். மானேஜர் பணத்தைக் காட்டினார். நடத்துகிறவர் அரசாங்கத்தைக் காட்டினார். ஒவ்வொருவரிடமும் ஒரு சாக்கு இருந்தது. எல்லாச் சாக்குகளுக்கும் அடியில் இருந்தது ஒன்றே ஒன்று. கறுப்பர் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்!

வில்ஸ் வெள்ளையராக இருந்து இருந்தால், 1922-ல் போட்ட கையெழுத்து மை உலர்வதற்குள் நாள் குறித்து இருப்பார்கள்.

ஆண்டுக்கு ஒரு விரதம்

ஏமாந்து போன மனிதர் என்ன ஆனார்? குடித்துக் கெட்டாரா? கிடையாது.

வில்ஸ் சம்பாதித்த பணத்தைக் கட்டிக் காத்தவர். நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்து வாழும் ஹார்லெம் பகுதியில் அடுக்கு மாடி வீடுகள் வாங்கினார். வாடகைக்கு விட்டார். 1929-ல் அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்து, கோடீசுவரர்கள் பலர் தெருவுக்கு வந்தபோதும் வில்ஸ் தடுமாறவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு தடவை சுமார் ஒரு மாத காலம் உண்ணாமல் இருப்பார். தண்ணீர் மட்டுமே ஆகாரம். உடம்பைச் சுத்தம் செய்யும் வழி இது என்று அவர் நம்பினார். அந்த நாட்கள் வந்தால் பத்திரிகை நிருபர்கள் அவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எத்தனை ராத்தல் குறைந்தார் என்று செய்தி வரும். (இப்படிப் பட்டினி கிடப்பது எல்லோருக்கும் ஆகாது. உடம்புக்குக் கெடுதல் செய்யும் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள்.)

1937-ம் ஆண்டு ஜூன் 22-ந்தேதி, சிகாகோ நகரில், ஜோ லூயி என்ற 23 வயது கறுப்பு இளைஞர், ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஜான்சன் பட்டத்தை இழந்து 22 ஆண்டுகள் ஆகி இருந்தன. பெரும் கலவரம் மூண்டு நாடு பற்றி எரியவில்லை. லூயி 12 ஆண்டுகள் சாம்பியனாக இருந்தார். கறுப்பர் பட்டம் வென்றால் நாடு தாங்காது என்று ரிக்கார்டு போன்றவர்கள் சொன்னது பொய் ஆயிற்று. அதைக் காண ரிக்கார்டு உயிரோடு இல்லை. 1929-லேயே இறந்துவிட்டார். வில்ஸ் உயிரோடு இருந்தார்.

1958-ம் ஆண்டு டிசம்பர் 21-ந்தேதி நியூயார்க்கில் ஹாரி வில்ஸ் காலமானார். கடனாளியாக அல்ல, வீடு வாசலுடன் வாழ்ந்த மனிதராக! சாம்பியன் டெம்ப்சி, நியூயார்க்கில் புகழ் பெற்ற ஓட்டல் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தி, 1983-ல் காலமானார்.

1992-ம் ஆண்டில், குத்துச்சண்டையின் சிறந்த வீரர்களுக்கான சர்வதேசப் புகழ் மண்டபத்தில் வில்சின் பெயர் சேர்க்கப்பட்டது. அங்கே டெம்ப்சியின் பெயரும் இருக்கிறது.

வாழ்ந்த காலத்தில் ஒரே மேடையில் ஏற முடியாத இருவரின் பெயரும் இன்று ஒரே மண்டபத்தில் இருக்கின்றன. ஆனால், அந்த இடம் வில்சுக்குக் கிடைத்தபோது அவர் இறந்து 34 ஆண்டுகள் ஆகி இருந்தன.